எட்டின் மேல் சுழி

மாமா அந்தச் சைக்கிளைத் தலைகீழாகத் தூக்கி உலுக்கியபோது சீட்டுக் குழாய்க்குள்ளிருந்து முதலில் துருத் தண்ணீர் வந்தது, அப்புறம் கரப்பான் ஓடுகள் வந்தன, கடைசியாக ஒரு சுண்டெலி வந்தது. எலி என்றால் முழு எலி இல்லை. காய்ந்த தோலும் வாலும்தான். அது வந்து விழுந்த இடம் என் கடைவாசல். காலையில் தின்ற ரொட்டி தொண்டைவரை ஏறி வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். மாமா சிரித்துக்கொண்டே ஒரு அட்டையால் எலியை அள்ளிச் சாக்கடையில் போட்டார். நாறும் பொருளையே நாற்பது வருடமாகத் தொட்டுப் பிழைப்பவருக்குக் குமட்டல் என்று ஒன்று இருக்கிறதா என்ன?

எனக்கு இருக்கிறது. நான் சாவி செய்கிறவன். சுத்தமான பித்தளை, சுத்தமான அரம், வெள்ளைத் துணி, இதுதான் என் தொழில். பக்கத்துக் கடை மாமாவின் சைக்கிள் பட்டறை. நடுவில் ஒரு பிளைவுட் பலகை மட்டும். பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை. மாமாவும் அக்காவும் குடியிருப்பது அங்கேதான். சொந்தக்காரர்கள் இல்லை, பதினைந்து வருடமாக நான் கூப்பிடும் முறை அப்படி. அங்கே குக்கர் விசில் அடித்தால் எனக்குப் பசிக்கும். அங்கே சண்டை வந்தால் எனக்குச் சாவி பிசகும்.

மாமா பழைய சைக்கிளுக்கு வயது சொல்வதில் பேர்போனவர். வெளியூரிலிருந்தெல்லாம் கொண்டு வருவார்கள். தாத்தா ஓட்டியது, வெள்ளைக்காரன் விட்டுப் போனது என்று ஆளாளுக்கு ஒரு கதையோடு வருவார்கள். மாமா கதை எதையும் காதில் வாங்க மாட்டார். சைக்கிளைக் கவிழ்ப்பார், பெடல் அச்சு போகிற உருளையின் அடியைத் துடைப்பார். ஃப்ரேம் நம்பர் அங்கேதான் குத்தியிருக்கும். அது ஒரு சாட்சி. கியருக்கு உள்பக்கம் பொடி எழுத்து இரண்டு இருக்கும். அது இன்னொரு சாட்சி. இரண்டும் ஒத்துப் போனால்தான் வருடத்தை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஹேண்டில்பாரில் கட்டுவார். ஒத்துப் போகாவிட்டால், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், சீட்டு கிடையாது.

ஆனால் ஐந்தாறு வருடமாக மாமாவுக்குக் கண்ணில் புரை. டயரின் மேடுபள்ளம் தெரியும், பொடி எழுத்து தெரியாது. அதனால் படிப்பது அக்கா. மாமா கூப்பிட்டதும் அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவார், ஒரு பழைய பல் பிரஷால் நம்பரைத் தேய்ப்பார், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படிப்பார். மாமா கணக்குப் போட்டு வருடம் சொல்வார். வந்தவர்கள் மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை.

எலி விழுந்த அந்தச் சைக்கிள் ஓனருடையது. ஓனர் என்றால் எங்கள் கடை வரிசைக்குச் சொந்தக்காரர். மாமாவின் கூடப்பிறந்த அண்ணனும் அவர்தான். முகத்துக்கு நேரே மாமா 'அண்ணே' என்பார், முதுகுக்குப் பின்னால் மாமாவும் அவரை ஓனர் என்றுதான் சொல்வார். அப்பாவின் சொத்து முழுக்க ஒருவர் பெயருக்கும், பட்டறையில் உட்கார இடம் மட்டும் இன்னொருவருக்கும் எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்டால் எனக்கு உட்கார இடம் இருக்காது.

ஊருக்கு வெளியே ஒரு மலை இருக்கிறது. உச்சியில் டவர். டவருக்குப் போகிற வழி கரடுமுரடான ஏற்றம், பத்துக் கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கிளப்காரர்கள் பளபளவென்று உடுத்திக்கொண்டு ஏறுவார்கள். அந்தக் கிளப் மலையடிவாரத்தில் ஒரு போர்டு வைக்கப்போகிறதாம். இந்த மலையில் முதன்முதலில் கால் ஊன்றாமல் மவுண்டன் சைக்கிளில் ஏறியவர் யார், எந்த வருடம் என்று கருங்கல்லில் வெட்டி வைப்பார்களாம். ஓனர் போய், அது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். எண்பத்தாறாம் வருடம் என்றும் சொல்லியிருக்கிறார். கிளப்காரர்கள் சந்தோஷப்பட்டு, அந்தச் சைக்கிளையே புதுசுபோல ஆக்கி விழாவில் நிறுத்துவோம், கூடவே உங்கள் தம்பியின் சீட்டையும் வாங்கிக் கட்டிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

இதை ஓனர் பட்டறை வாசலில் உட்கார்ந்து சொன்னபோது அக்கா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தார். களைகிற சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

அக்காவின் அண்ணன் அந்த டவர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தவர். வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் கொண்டுவந்த மவுண்டன் சைக்கிள் சைட்டில் சும்மா கிடக்க, அதை எடுத்து ஓட்டி ஓட்டிப் பழகி, ஒரு நாள் அடிவாரத்திலிருந்து உச்சிவரை கால் ஊன்றாமல் ஏறினார். எண்பத்தாறில். மறு வருடம் அதே டவரிலிருந்து விழுந்து இறந்துபோனார். இருபத்தாறு வயது. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, ஏறியதற்குப் போட்டோவும் இல்லை. சைக்கிளைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. அந்த மனிதர் இந்த உலகத்தில் செய்ததாகச் சொல்ல அந்த ஒரு ஏற்றம்தான் மிச்சம். அதைச் சொல்லவும் அக்கா ஒருவர்தான் மிச்சம். போர்டு விஷயம் காதில் விழுந்த நாள் முதல், அண்ணன் பேர் அதில் வரணும் என்று அக்கா என்னிடமே இரண்டு தடவை சொல்லியிருந்தார். கிளப்பில் போய்ச் சொல்லுங்கள் என்று மாமாவிடமும் சொல்லியிருந்தார். மாமா நாளைக்கு, நாளைக்கு என்று நாளைக் கடத்தினார். அதற்குள் ஓனர் முந்திக்கொண்டார்.

மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்த வாரம் அது. மாமா வேலையை ஆரம்பித்தார். சீட்டுக் கம்பி குழாயோடு ஒட்டிப் போயிருந்தது, அதைக் கழற்றத்தான் முதல் நாள் முழுக்க எண்ணெய் விட்டு, வெந்நீர் ஊற்றி, சுத்தியலால் தட்டி, எலியோடு விடுதலை வாங்கினார். செயின் ஒரே கட்டி. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டதும் தார்போல ஒன்று கரைந்து மிதந்தது, அதில் முடி, இறகு, என்னவோ ஒரு புழு. பிரேக் கட்டைகள் கல்லாகிவிட்டிருந்தன. ரிம்மில் துரு பொரிந்து நின்றது. அதை வினிகரில் நனைத்த அலுமினியத் தாளால் மாமா மணிக்கணக்கில் தேய்த்தார். வினிகர் வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் பலகை இடுக்கு வழியாக வந்து என் டீயில் கலந்தன.

ஓனர் தினமும் பத்து மணிக்கு வந்துவிடுவார். அவித்த முட்டை இரண்டு காகிதத்தில் சுற்றி வைத்திருப்பார். ஓட்டை உரித்து மாமா கழுவிப் போட்ட ஸ்பேனர்கள் மேலேயே போடுவார். வாயில் மஞ்சள் கருவோடு பேசுவார், அது மாவாகச் சிதறும். ஏறிய கதையைச் சொல்வார். முதல் நாள் வெயில் என்றார், இரண்டாம் நாள் கொட்டுகிற மழை என்றார், மூன்றாம் நாள் ஆறாவது வளைவில் பாம்பு வந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் புலி வந்திருக்கும். மாமா தலையை நிமிர்த்தாமல் உம் கொட்டுவார். விரலை நக்கிவிட்டு அதே விரலால் ஓனர் பெயின்டைத் தடவிப் பார்ப்பார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பிடிக்காது, ஆனாலும் திரும்பிப் பார்ப்பேன். அருவருப்பில் அப்படி ஒரு வசியம் இருக்கிறது.

நான்காம் நாள் சைக்கிள் கவிழ்ந்து கிடந்தது. மாமா அக்காவைக் கூப்பிட்டார். ஓனர் அப்போது இல்லை. அக்கா வந்தார், குந்தினார், பிரஷால் தேய்த்தார். டார்ச்சைச் சாய்த்தார்.

"எட்டு," என்றார்.

இந்தக் கம்பெனி சைக்கிளில் முதல் எண்தான் வருடத்தின் கடைசி எண் என்று மாமா சொல்லி எனக்கே தெரியும். எட்டு என்றால் எண்பத்தெட்டு.

"ஆறான்னு பாரு," என்றார் மாமா.

"எட்டு."

"அழுக்கு அடைச்சிருக்கும். இன்னொரு தடவை தேய்ச்சுப் பாரு."

"தேய்ச்சாலும் எட்டுதான். உங்க அண்ணனுக்காக அது ஆறா மாறாது."

மாமா பின் கியரைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா அதன் உள்பக்கத்து இரண்டு எழுத்தையும் படித்தார். மாமா விரல் விட்டு எண்ணினார், எண்ணி முடித்துக் கியரைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். அதுவும் எண்பத்தெட்டு என்று அவர் வைத்த விதத்திலேயே தெரிந்தது. அக்கா எழுந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தச் சைக்கிள் செய்யப்படுவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே அவர் அண்ணன் செத்துவிட்டார். அவர் ஏறியது அதற்கும் முன்னால். இரும்பே சாட்சி சொல்லிவிட்டது, இனி யார் என்ன பேசினாலும் எடுபடாது என்று நினைத்துவிட்டார் பாவம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் ஓனர் முட்டையோடு வந்தார். மாமா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஓனருக்கு வெட்கமாக இருக்கும், எழுந்து போய்விடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் முட்டையில் உப்பைத் தூவினார்.

"ரெண்டு வருஷத்துல என்னடா இருக்கு? எண்பத்தாறுன்னு எழுதிக் குடு."

"நம்பர் இருக்கேண்ணே. கிளப் பிரசிடென்ட் கவுத்துப் பார்ப்பாரு. அவருக்கு நம்பர் படிக்கத் தெரியும்."

"நம்பரைக் குத்தினவனும் மனுஷன்தானே. நீ பார்த்துச் செய்."

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி. அவர் ஓனரோடு நேருக்கு நேர் பேசி அன்றுதான் கேட்டேன்.

"மலை ஏறினது எங்க அண்ணன். அன்னைக்கு நானும் அடிவாரத்துல இருந்தேன். தண்ணி பாட்டில் என் கையில இருந்துச்சு, அவன் கழட்டிப் போட்ட செருப்பு உங்க கையில இருந்துச்சு. மறந்துட்டீங்களா?"

ஓனர் மறக்கவில்லை. அது அவர் முகத்தில் தெரிந்தது. சட்டென்று ஒரு நொடி அந்த இளவயதுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் நல்லவன்மா. யாரு இல்லன்னா? ஆனா செத்துப் போனவனுக்குப் போர்டு எதுக்கு? மாலை போட்டா கழுத்தை நீட்டுவானா?"

அக்கா உள்ளே போய்விட்டார். கரண்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது, எறிந்த சத்தமா என்று தெரியவில்லை. ஓனர் குரலை உயர்த்தவே இல்லை. இந்தப் பலகைத் தடுப்பெல்லாம் உளுத்துப் போச்சு, வரிசையையே இடித்துவிட்டுக் கட்டலாமா என்று யோசிக்கிறேன், யாரை உள்ளே வைப்பது யாரை வெளியே வைப்பது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை என்று பொதுவாகச் சொன்னார். சொல்லும்போது என் பக்கமும் ஒரு பார்வை வந்தது. முட்டை ஓட்டை அப்படியே போட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. தட்டு வைக்கிற சத்தம், எடுக்கிற சத்தம், அவ்வளவுதான். மூன்றாம் நாள் மத்தியானம், தெரு ஓய்ந்த நேரத்தில், மாமா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் கடைக்கு வந்தார். சின்ன அரம் வேண்டும் என்றார். கொடுத்தேன். போகாமல் நின்றார்.

"என்ன மாமா?"

"அவ செய்ய மாட்டேங்கிறா. எனக்குக் கண்ணு தெரியல." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எட்டோட மேல் சுழி இருக்குல்ல. அதுல வலப்பக்கத்தை விரலால தடவிப் பார்த்து, பித்தளை உருக்கி அடைச்சுட்டேன். கொஞ்சம் பிதுங்கி நிக்குது. மட்டமா ராவி விட்டா ஆறாயிடும். உனக்குக் கை நிதானம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு நான் அரத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். இந்தக் கடையை விட்டால் நான் எங்கே போவேன் என்று அப்போது மனத்தில் ஓடியது. அது நிஜம்தான். ஆனால் இன்னொன்றும் ஓடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டை ஆறாக்க என்னால் முடியும் என்ற தொழில் திமிர்.

முடிந்தது. இருபது இழுப்புகூட இல்லை. சூட்டில் கறுத்த இரும்பும் பித்தளைப் பொடியும் விரலில் ஒட்டின. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் என் வாழ்க்கையிலேயே நான் செய்த ஆகச் சுத்தமான வேலை அதுதான். மாமா தகரப் பெட்டியைக் கிளறி எண்பத்தாறாம் வருடத்துக் கியர் ஒன்றைத் தேடி எடுத்திருந்தார். வேறு ஏதோ செத்த சைக்கிளுடையது. அதன் எழுத்தையும் என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன்.

அப்போது அக்கா டீயோடு வந்தார். மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நான் வந்திருப்பது தெரிந்து போட்டு வந்திருக்கிறார், எதற்கு வந்தேன் என்று தெரியாது. சைக்கிள் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தார். என் கையில் அரத்தைப் பார்த்தார். குனிந்து படிக்கவெல்லாம் இல்லை. இரண்டு டம்ளரையும் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். டீயைக் கழிவுத் தொட்டியில் ஊற்றுகிற சத்தம் ஒரு தடவை கேட்டது, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டது. வீட்டுக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பித்தளை வாடை போகவில்லை.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை. மலையடிவாரத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். சைக்கிள் நடுவில் நின்றது. பொய் சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. ஆழ்ந்த நீலம், புது டயர், வெள்ளிபோல் மின்னும் ரிம். ஒரு காலத்தில் எலி குடியிருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கிளப் பிரசிடென்ட் மண்டி போட்டு அடியில் டார்ச் அடித்தார். விரலால் தடவினார். பிறகு பின் கியரின் உள்பக்கம் பார்த்தார்.

"எவ்வளவு தெளிவா இருக்குங்க நம்பர்," என்று மாமாவைப் பார்த்துச் சிரித்தார். "இத்தனை வருஷத்துச் சைக்கிள்ல இவ்வளவு சுத்தமா ஒரு ஆறு நான் பார்த்ததே இல்ல."

மாமா சீட்டைக் கட்டினார். அவர் கையெழுத்து எப்போதும்போல் கோணலாக இருந்தது.

ஓனரை ஒரு சுற்று ஓட்டச் சொன்னார்கள். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள். மேடான தரையில் பத்தடி போனதும் வண்டி ஆடியது, ஓனர் காலை ஊன்றிவிட்டார். மலையில் ஊன்றாத காலாம் அது. எல்லோரும் செல்லமாகச் சிரித்துக் கை தட்டினார்கள். பிறகு துணியை விலக்கினார்கள். கருங்கல்லில் ஓனர் பெயர், கீழே வருடம்.

நான் போதும் என்று கிளம்பியிருக்க வேண்டும். ஓனர் மைக்கைப் பிடித்தார். வெயில், மழை, பாம்பு எல்லாம் வந்தன. அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததே எனக்கு ஆச்சரியம். ஒருவேளை கடைசி நிமிடத்தில் மாமா வாயைத் திறப்பார் என்று நம்பி வந்தாரோ என்னவோ. ஓனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். இன்னைக்கு அவன் இல்ல. நான் மேல ஏறினப்போ, என் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கீழ நின்னான். நான் இறங்கி வர்ற வரைக்கும் அதைத் தரையில வைக்கல. அந்த நல்ல மனசை இந்த நேரத்துல நினைச்சுப் பார்க்கிறேன்."

கொட்டகையே கலங்கிவிட்டது. சிலர் மூக்கை உறிஞ்சினார்கள். அப்புறம் கைதட்டல். செத்துப்போன அந்த மனிதனிடமிருந்து எடுக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, கடைசியாகத் தன் செருப்பையும் அவன் கையில் கொடுத்துவிட்டார். சீ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது. மாமா தட்டினார். முன்வரிசையில் எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் தெரியும் அல்லவா. நான் துப்பவில்லை, நானும் தட்டினேன். திரும்பிப் பார்த்தபோது அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்தால் தேவலை என்று நான் காத்துக் கிடந்தேன். சோறு நேரத்துக்கு வெந்தது. மாமா சட்டை துவைத்து மடித்து வைக்கப்பட்டது. எனக்கு மட்டும் டீ வருவது நின்றது, அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. கடை வரிசையை இடிக்கிற பேச்சையும் ஓனர் விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு டீச்சரம்மா பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் அம்மா வேலைக்குப் போன சைக்கிளாம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், எந்த வருடம் வாங்கியது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள் என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. பல நாளுக்குப் பிறகு ஒரு நேர்மையான வேலை. சைக்கிளைப் பக்குவமாகக் கவிழ்த்தார். உருளையின் அடியைத் துணியால் துடைத்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா வந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். குந்தி உட்கார்ந்து, பிரஷை எடுக்காமல், டார்ச்சை எடுக்காமல், மாமாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த வருஷம் வேணும்?" என்று கேட்டார். "சொல்லுங்க, படிக்கிறேன்."

டீச்சரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு பலகைக்கு இந்தப் பக்கம் அரத்தோடு நின்ற என்னைப் பார்த்தார்.